பல் வெண்மையாக்கும் சிகிச்சை: முதன்முறையாகச் செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் வெண்மையாக்கும் சிகிச்சையின் பலன், ஜெல் பல்லில் படுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கறை பல்லின் மேற்பரப்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா, எதனால் வந்தது என்று பார்க்காமல் தொடங்கினால், ஸ்கேலிங் எனப்படும், காரையை அகற்றும் சுத்தத்திலேயே நீங்கியிருக்கக்கூடிய கறைக்குப் பெருந்தொகை செலவாகும். அல்லது எந்த ஜெல்லுக்கும் எளிதில் அசையாத நிறத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட நேரிடும். ஆகவே சிகிச்சைக்கு முந்திய கட்டத்துக்கும், அது முடிந்த பிறகு வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவற்றுக்கும் இந்தக் கட்டுரையில் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது

பல்லின் வெளியடுக்கான எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அது ஒளியை ஓரளவு ஊடுருவ விடும் தன்மை உடையது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்னும் அடுக்கு இயல்பாகவே இளமஞ்சள் நிறம் கொண்டது. நாம் கண்ணாடியில் பார்ப்பது இவ்விரண்டும் சேர்ந்த நிறத்தை. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிவதும், டென்டின் உட்புறமாகத் தடித்துக்கொண்டே வருவதும் இயற்கை. நாற்பது வயதுக்காரரின் பல் இருபது வயதுக்காரரின் பல்லைவிடச் சற்று மஞ்சளாகத் தெரிவதற்கு இதுவே காரணம்; அது நோயும் அன்று, அசுத்தமும் அன்று.

மருத்துவர் பயன்படுத்தும் ஜெல்லில் வேலை செய்யும் பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. சில ஜெல்களில் அது நேரடியாகவே இருக்கும்; வேறு சிலவற்றில் கார்பமைடு பெராக்சைடு என்ற வடிவில் இருந்து, வாயில் மெதுவாகப் பிரிந்து வெளிவரும். இந்தப் பெராக்சைடு எனாமலைக் கடந்து டென்டின் வரை சென்று, அங்கே நிறம் தரும் பெரிய கரிம மூலக்கூறுகளை ஆக்ஸிஜனேற்றத்தின் மூலம் உடைத்து, நிறம் குறைந்த சிறு மூலக்கூறுகளாக மாற்றுகிறது. பல்லைச் சுரண்டுவதோ தேய்ப்பதோ இதில் இல்லை. பல்லின் மேல் மாட்டும் கேப், முன்புறத்தில் ஒட்டும் மெல்லிய தகடான வெனீர், பல்நிற ஃபில்லிங் ஆகியவற்றின் நிறம் பெராக்சைடால் மாறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்பற்களில் இவற்றுள் ஏதேனும் இருந்தால், மற்ற பற்கள் வெளுத்த பின் அது மட்டும் தனித்துத் தெரியும்.

முதல் படி: கறையின் வகையைத் தெரிந்துகொள்ளுதல்

மேற்பரப்புக் கறைகள் காபி, தேநீர், வெற்றிலை பாக்கு, புகையிலை, மஞ்சள் சேர்ந்த உணவுகள், இரும்புச்சத்து டானிக், குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து போன்றவற்றால் வருபவை. இவை எனாமலின் மேல் படியும் மெல்லிய புரதப் படலத்திலும் காரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு முதல் சிகிச்சை வெண்மையாக்கல் அல்ல, ஸ்கேலிங்கும் மெருகூட்டலும்தான். அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்று திருப்தியோடு எழுந்து செல்பவர்களும் உண்டு.

வெற்றிலை பாக்குப் போடுபவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கு, புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. வாய் முன்போல அகலமாகத் திறக்க முடியாமை, காரம் பட்டால் கன்னத்தின் உட்புறம் எரிதல், ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான். பல்லின் நிறம் காத்திருக்கலாம்.

உட்கறைகளின் கதை வேறு. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டவர்களுக்குச் சாம்பல் அல்லது பழுப்புப் பட்டைகள் பல்லுக்குள்ளேயே அமைந்துவிடும். இவை வெளுக்கும், ஆனால் மிக மெதுவாக; வீட்டில் ட்ரே என்னும், ஜெல் வைத்த பல் உறையை அணிந்து பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். அதன் பிறகும் ஈறை ஒட்டிய பகுதி சற்று இருண்டே இருக்கலாம்.

ஃபுளோரோசிஸ் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு, குறிப்பாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதியினருக்கு, நன்கு பழக்கமான பிரச்சினை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கும் ஊர்களில் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகளோ பழுப்புக் கறைகளோ, கடுமையான நிலையில் சிறு குழிகளோ காணப்படும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. இத்தகைய பற்களில் வெறும் ஜெல் வைத்தால், தொடக்க நாட்களில் வெள்ளைத் திட்டுகள் முன்பைவிட எடுப்பாகத் தெரிந்து பயமுறுத்தக்கூடும். சுற்றியுள்ள பகுதியும் வெளுத்த பின் வேறுபாடு ஓரளவு மங்கும். பழுப்புக் கறைக்கு, அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லியதாக அகற்றும் மைக்ரோ அப்ரேஷன் என்ற முறையைப் பெரும்பாலும் சேர்த்தே செய்கிறார்கள். குழி விழுந்த பற்களுக்கு ஃபில்லிங்கோ வெனீரோதான் வழி.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் எப்போதோ அடிபட்டு உள்நரம்பு செத்துப்போன பல்லாக இருக்கும். அதற்கு எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் வேர் சிகிச்சை செய்து, பல்லின் உட்புறத்திலேயே மருந்தை வைத்து மூடி, சில நாட்களுக்கு ஒருமுறை மாற்றி வெளுக்க வைக்கும் தனி முறை இருக்கிறது. வாய் முழுவதற்குமான ஜெல் சிகிச்சையால் அந்தப் பல் மற்றவற்றோடு சேராது.

இரண்டாம் படி: யாரிடம் செல்வது, என்ன கேட்பது

அழகு நிலையங்களிலும் வணிக வளாகக் கடைகளிலும் பல் வெண்மையாக்குவதாக விளம்பரம் காணப்படுகிறது. இந்தியாவில் பல் மருத்துவம் செய்ய மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இங்கிலாந்தில் இச்சிகிச்சை பல் மருத்துவத்தின் பகுதியே என்று 2013-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, சொத்தைப் பல்லையும் வீங்கிய ஈறையும் கண்டறியத் தெரியாதவர் கையில் அடர்த்தியான பெராக்சைடு இருப்பது ஆபத்து. சொத்தை வழியாக அது பல்லின் நரம்பை எட்டினால் வலி கடுமையாக இருக்கும். செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பவர்கள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகிப் பார்க்கலாம். அங்கே கட்டணம் பொதுவாகக் குறைவு, நேரம் சற்றுக் கூடுதலாகும்.

18 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் தள்ளிப்போடுவது நல்லது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்கள், விரிசல் விட்ட பல் உள்ளவர்கள், குளிர்ந்த நீருக்கே பல் கூசுபவர்கள் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேருக்கு எனாமல் கிடையாது என்பதால் அந்தப் பகுதி வெளுக்கவும் வெளுக்காது, கூச்சமும் மிகும். பல்லில் கிளிப் போட்டிருப்பவர்கள் அது கழற்றப்படும் வரை காத்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் நான்கு கேள்விகளாவது கேட்டுவிடுங்கள்: என் கறை எந்த வகை, எந்த ஜெல் எவ்வளவு அடர்த்தியில், பல் கூச்சம் வந்தால் என்ன செய்வீர்கள், முன்பல் ஃபில்லிங்குகளை மாற்ற வேண்டியிருக்குமா. சொல்லும் தொகையில் ஸ்கேலிங்கும் ட்ரேயும் அடங்குமா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு இராது.

மூன்றாம் படி: வாயைத் தயார் செய்தல்

ஸ்கேலிங் செய்து, சொத்தையை அடைத்து, ஈறு ஆற ஓரிரு வாரம் விட்ட பிறகே ஜெல் பக்கம் போக வேண்டும். அந்த இடைவெளியில் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த, கூச்சத்துக்கான பற்பசையைக் காலையும் இரவும் பயன்படுத்திவந்தால், சிகிச்சையின்போது வரும் கூச்சம் குறையும்.

தொடங்கும் நாளில் உங்கள் பல்லின் நிறத்தை ஷேடு கைடு என்னும் மாதிரிப் பற்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார்கள். பரவலாகப் பயன்படும் வீட்டா கைடில் 16 நிறங்கள் நான்கு குடும்பங்களாக இருக்கின்றன: ஏ செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். மஞ்சள் சார்ந்த பற்கள் எளிதாக வெளுக்கும். சாம்பல் சார்ந்தவை அடம்பிடிக்கும். மாதிரிப் பல்லை உங்கள் பல்லின் அருகில் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பழைய நிறம் சில நாட்களிலேயே மறந்துவிடும் என்பதால், படம் இல்லாவிட்டால் எவ்வளவு மாறியது என்பதில் மருத்துவருக்கும் உங்களுக்கும் வீண் வாதம்தான் மிஞ்சும்.

நான்காம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

மருத்துவமனையில் ஒரே அமர்வில் செய்வது ஒரு முறை. உதடுகளை விலக்கி வைத்து, ஈறின் மேல் ஒரு பாதுகாப்புப் பசையைப் பூசி ஒளியால் இறுக்கி, 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்ட ஜெல்லைப் பற்களின் மேல் தடவி, 15 அல்லது 20 நிமிடம் கழித்துத் துடைத்து, இவ்வாறே இரண்டு மூன்று முறை செய்வார்கள். மொத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். ஜெல் ஈறில் பட்டால் அந்த இடம் வெள்ளையாகி எரியும். எரிச்சல் தெரிந்த உடனே கையை உயர்த்திச் சொல்லிவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. இத்தகைய சிறு காயம் பெரும்பாலும் சில நாட்களில் தானாக ஆறிவிடும்.

வெண்மையைக் கூட்டும் என்று சொல்லி ஜெல் தடவிய பற்களின் மேல் காட்டப்படும் நீல விளக்கைப் பற்றிச் சில சொற்கள். லேசர், பிளாஸ்மா, எல்.இ.டி. என்று விதவிதமான பெயர்களில் விற்கப்படும் இந்த ஒளி, முடிவில் கிடைக்கும் நிறத்தைப் பெரிதாக உயர்த்துவதில்லை என்பதே ஆய்வுகளின் பொதுவான போக்கு. ஒரு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பதால் பல் ஈரம் உலர்ந்து, அந்த நேரத்துக்குக் கூடுதல் வெண்மையாகத் தோன்றும். ஈரம் திரும்பியதும் நிறம் ஓரிரு படி இறங்கும். நாற்காலியில் எடுக்கப்படும் ‘சிகிச்சைக்குப் பின்’ படம் எப்போதும் பளிச்சென்று இருப்பதன் ரகசியம் இதுதான். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும் நிறத்தையே உங்கள் நிறமாகக் கொள்ள வேண்டும்.

வீட்டில் ட்ரே அணிந்து செய்வது மற்றொரு முறை. 1989-இல் அமெரிக்கப் பல் மருத்துவர்களான ஹேவுட், ஹேமன் இருவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. உங்கள் பற்களை அச்செடுத்தோ ஸ்கேன் செய்தோ, மெல்லிய நெகிழித் தகட்டால் உங்கள் வாய்க்கு மட்டுமே பொருந்தும் ட்ரேயைச் செய்து தருவார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் அரிசி மணி அளவு ஜெல்லை முன்புற உட்சுவரில் வைத்து அணிந்து, ஈறின் மேல் வழிந்ததை விரலால் துடைத்துவிட வேண்டும். 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு என்றால் பொதுவாக இரவு முழுவதும் அணியலாம். அதைவிட அடர்த்தியானவற்றுக்கு மருத்துவர் சொல்லும் நேரத்தோடு கழற்றிவிட வேண்டும். இரண்டு முதல் ஆறு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். ஜெல்லைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எண்களை ஒப்பிடும்போது கவனம் தேவை: 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்ட வெண்மையாக்கும் பொருள்களுக்கு அனுமதி இல்லை. பிரிட்டனிலும் அதே வரம்புதான். எனவே லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்கள், இங்கே 35 சதவீத ஜெல் கிடைக்கிறதே என்று விடுமுறையின் கடைசி வாரத்தில் அவசரமாகச் செய்துகொண்டு விமானம் ஏறுவதைத் தவிர்க்கலாம். கூச்சமோ ஈறுப் புண்ணோ வந்தால் பார்க்க வேண்டிய மருத்துவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்.

இரண்டு முறையிலும் இறுதி நிறம் ஏறத்தாழ ஒன்றே. என்னைக் கேட்டால், அவசரம் இல்லாதவர்களுக்கு ட்ரேதான் சிறந்தது: கூச்சம் குறைவு, போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தலாம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ட்ரே பிற்காலத்துக்கும் உதவும். இரவில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு தூங்க முடியாதவர்களுக்கும், வாந்தி உணர்வு அதிகம் உள்ளவர்களுக்கும் மருத்துவமனை அமர்வே பொருந்தும்.

திருமணத்துக்காகச் செய்பவர்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஸ்கேலிங்கும் ஈறு ஆறுவதும் ஓரிரு வாரம், ட்ரே மூன்று வாரம், நிறம் நிலைப்பட இரண்டு வாரம், அதன் பிறகே முன்பல் ஃபில்லிங் மாற்றம் என்று கணக்குப் போட்டால் இரண்டு மாதம் சரியாக இருக்கும். வெளுத்த உடனே புதிய ஃபில்லிங் வைத்தால் பல்லில் தங்கியிருக்கும் ஆக்ஸிஜன் அதைச் சரியாக ஒட்ட விடாது. நிறமும் பொருந்தாமல் போகும்.

ஐந்தாம் படி: பல் கூச்சத்தைச் சமாளித்தல்

சிகிச்சையின்போதும் அடுத்த ஓரிரு நாட்களும் பல்லில் சுரீரென்று மின்னல் போலக் கூச்சம் ஓடுவது பரவலாக நேர்வதுதான். பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கும். ட்ரே அணிபவர்கள் ஓர் இரவு விட்டு ஓர் இரவு அணியலாம், நேரத்தைக் குறைக்கலாம், அல்லது மருத்துவர் அனுமதியோடு ஜெல்லுக்குப் பதில் கூச்சத்துக்கான பற்பசையையே ட்ரேயில் வைத்துப் பத்து முதல் முப்பது நிமிடம் அணியலாம். ஐஸ் நீரும் கொதிக்கும் காபியும் சில நாட்களுக்கு வேண்டாம். ஒரே பல்லில் மட்டும் வலி நீடித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ அது சாதாரணக் கூச்சம் அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் இரண்டு நாள் உணவு

முதல் 48 மணி நேரம் நிறமுள்ள உணவைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். நிறமுள்ள உணவு முடிவை எவ்வளவு கெடுக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. ஆனாலும் இரண்டு நாள் கட்டுப்பாட்டால் இழப்பு ஒன்றுமில்லை. மேலைநாட்டுப் பட்டியல்கள் சிவப்பு ஒயினை எச்சரிக்கும்; நம் சமையலறையில் முதலில் கவனிக்க வேண்டியது மஞ்சள்தூள். சாம்பார், ரசம், மஞ்சள் சேர்த்த கூட்டு, குழம்பு எல்லாம் இரண்டு நாள் ஓய்வெடுக்கட்டும். இட்லியும் வெள்ளைத் தேங்காய்ச் சட்டினியும், இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், தயிர்ச்சாதம், பால் கஞ்சி, ஆப்பம், வாழைப்பழம் என்று பட்டினி கிடக்காமலே சமாளிக்க நம்மிடம் வெள்ளை உணவுக்குப் பஞ்சமில்லை. காபி, தேநீர், பீட்ரூட், நாவல்பழம், கறுப்புத் திராட்சை, கோலா பானங்கள், சோயா சாஸ், வெற்றிலை, புகை ஆகியவை விலக்கு. எலுமிச்சைச் சாறு நிறமற்றதாக இருந்தாலும் அமிலம் என்பதால் அதுவும் வேண்டாம்.

ஏழாம் படி: வெண்மையைக் காப்பாற்றுதல்

வெண்மை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. பொதுவாக ஒன்று முதல் மூன்று ஆண்டு என்று சொல்லலாம். புகைப்பவர்களுக்கும் வெற்றிலை போடுபவர்களுக்கும் அது மாதக் கணக்காகச் சுருங்கும்.

காபியை விட்டுவிடுங்கள் என்று எழுதுவது எளிது. தமிழர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. குடிப்பதை ஒரே அமர்வில் குடித்து முடித்து, உடனே ஒரு வாய் தண்ணீரால் கொப்பளித்தால் பெரும்பகுதி காரியம் முடிந்துவிடும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதே பல்லுக்குப் பகை. தேநீரில் பால் சேர்ப்பது கறையைக் குறைக்கிறது, ஏனென்றால் பாலில் உள்ள கேசின் புரதம் தேநீரில் கறை உண்டாக்கும் டானின் என்ற பொருளைப் பிடித்துக்கொள்கிறது. வெறும் கறுப்புத் தேநீர் குடிப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் கொண்டு நாளுக்கு இருமுறை துலக்க வேண்டும். புளிப்பானவற்றை உண்டபின் அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குவது நல்லது. அமிலத்தால் மென்மையான எனாமல் அதற்குள் ஓரளவு மீண்டுவிடும். ‘ஒயிட்டனிங்’ என்று எழுதிய பற்பசைகள் மேற்கறையைக் களையுமே தவிரப் பல்லின் உள்நிறத்தை மாற்றாது. நீலச் சாயம் கலந்தவை ஒளியின் வேடிக்கையால் சில மணி நேரம் வெண்மையாகக் காட்டும்.

உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி, உப்பு, காவி கலந்த சிவப்புப் பல்பொடி, இப்போது புதுப் பெயரோடு வந்திருக்கும் கரித்தூள் பற்பசை ஆகியவை முதல் சில நாட்கள் பல்லைப் பளிச்சிட வைப்பது உண்மை. கறையோடு எனாமலையும் சேர்த்துத் தேய்க்கின்றன என்பதும் உண்மை. எனாமல் மெலிய மெலிய அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் கூடுதலாகத் தெரியும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்லும் குறிப்புகள் அமிலத்தையும் உராய்வையும் ஒன்றாகச் சேர்ப்பவை. அவற்றை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நிறம் மங்கியதாகத் தோன்றினால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ட்ரேயில் ஓரிரு இரவு ஜெல் வைத்தால் போதுமானது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ட்ரேயைக் குளிர்ந்த நீரில் கழுவி உலர்த்திப் பெட்டியில் வையுங்கள், வெந்நீர் பட்டால் அது வளைந்து பொருந்தாமல் போகும். இன்னும் வெள்ளை, இன்னும் வெள்ளை என்று மாதாமாதம் ஜெல் வைப்பவர்களின் பற்கள் ஓரங்களில் கண்ணாடி போலச் சாம்பல் நீலமாகத் தெரியத் தொடங்கும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றப் பற்களெல்லாம் ஒரே நிறத்தில் இருக்க, ஒரு பல் மட்டும் புதிதாக இருண்டு வருவதைக் கண்டால் ஜெல்லை எடுக்காமல், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க நாள் குறியுங்கள்.